மானிப்பாய்க் கிறீன் வைத்தியர்

தமது கல்லறையில் எச்சொற்கள் பொறிக்கப்படவேண்டும் என்று முன்னதாகவே சொல்லிவைத்துச் சென்றவர்கள் உலகிற் பலர். பட்டமும் பதவியும் குலப்பெருமையுமே பெரும்பாலும் அங்கே இடம்பெறும். 1884ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்க நாட்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரிலே கண்மூடிய வைத்தியர் ஒருவர் வேண்டிக்கொண்டது மிகவும் சிறிது. பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. அவற்றின் கீழே, தமிழர்க்கு மருத்துவ வழியில் நற்செய்தி கொண்டு சென்றவர் என்று ஒரு வரி. இயேசுவே தமக்கு எல்லாம் என்று மற்றொரு வரி. அவ்வளவே.

அந்நகரத்து மக்களுள் எத்தனை பேருக்கு அக்காலத்தில் ‘தமிழர்’ என்னும் சொல்லின் பொருள் தெரிந்திருக்கும்? ஆயினும் தம்மை உலகம் எவ்வாறு நினைவுகூர வேண்டும் என்று எண்ணியபோது, அவ்வைத்தியரின் நாவில் வந்தது அச்சொல்லே.

அவர்தாம் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆம் நாள் அதே வூஸ்ரர் நகரிற் பிறந்தவர். அவருடைய தமையனார் அன்றூ ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க்கின் மத்திய பூங்காவை உருவாக்கியவர்களுள் ஒருவர். தனித்தனியே கிடந்த பகுதிகளை ஒன்றிணைத்து 1898இல் பெரு நியூயோர்க் மாநகரம் அமைவதற்கு முன்னின்று பாடுபட்டவர். தமையனாருக்கு நியூயோர்க், தம்பியாருக்கு மானிப்பாய். எந்தத் தராசில் இட்டு நிறுத்தாலும் தம்பியாரின் பங்கு இளைத்ததென்று நாம் சொல்லமாட்டோம்.

இயேசுபிரான் சொன்ன நல்ல சமாரியன் கதையை எச்சமயத்தவராயினும் நம் வாசகர்கள் அறிந்திருப்பர். கள்வர் கையில் அடியுண்டு வழியிலே குற்றுயிராய்க் கிடந்தவனைச் சமயப் பணியாளர் இருவர் கண்டும் காணாதார்போல விலகிச் சென்றனர். வேற்றான் என்று இகழப்பட்ட சமாரியன் ஒருவனே அருகில் வந்து, காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினான். இக்கதையைச் சொல்லும் போதகர்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடுவர். ஆனாற் கதை அங்கே முடியவில்லை. சமாரியன் தன் பயணத்தைத் தொடரவேண்டியவன். ஆதலால் அடியுண்டவனைச் சத்திரம் ஒன்றிற் சேர்த்து, சத்திரக்காரன் கையில் இரண்டு காசும் கொடுத்து, பேணுமாறு ஒப்புவித்துப் போகின்றான். வழிப்போக்கன் போய்விடுவான், சத்திரக்காரனோ ஊரிலேயே இருப்பவன். கிறீன் வைத்தியரின் வாழ்க்கையை ஆராயுந்தோறும் இந்தச் சத்திரக்காரனே நம் நினைவில் எழுகின்றான். நோயாளி ஒருவனுக்கு மருந்து கொடுப்பது தருமம். மருந்து கொடுப்பவன் கப்பலேறிய பின்பும் அவ்வூரில் மருந்து கொடுப்பதற்கு ஆள் இருக்குமாறு செய்வது எத்தகைய தருமம்?

பண்டத்தரிப்பு முதல் மானிப்பாய் வரை

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கியது 1816ஆம் ஆண்டிலாகும். ஆங்கில ஆட்சியின் கீழ் அவர்களது பணி குடாநாட்டோடு அடங்கி நின்றது. அது அவர்களுக்குத் தடையாக இருந்திருக்கலாம். குடாநாட்டுக்கோ பாடசாலையும் அச்சுக்கூடமும் வைத்தியமும் ஒருங்கே வந்து குவிவதற்கு அதுவே வாய்ப்பாயிற்று. 1820இல் யோன் ஸ்கடர் என்னும் வைத்தியர் பண்டத்தரிப்பில் அமர்ந்து பணி தொடங்கினார். அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மருத்துவ மிஷனரி அவரே. 1836இல் அவர் சென்னைக்குச் சென்றார். அவருடைய பேர்த்தியார் ஐடா ஸ்கடர் அம்மையாரே பிற்காலத்தில் வேலூரிலே மருத்துவமனையும், 1918இற் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையும் நிறுவியவர். வேலூர் மருத்துவமனைக்குச் சென்று மீளும் நம்மவர் பலர், அதன் வேர் நமது பண்டத்தரிப்பில் ஊன்றியது என்பதை அறியார்.

கிறீன் 1845இல் நியூயோர்க்கிலே மருத்துவப் பட்டம் பெற்று, 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வயது 25. அதற்கு முந்திய ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேதான் பொஸ்ரன் நகர மருத்துவமனையில் ஈதர் என்னும் மயக்கமருந்தின் துணைகொண்டு நோவின்றி அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்பது உலகறிய மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. மேலைநாட்டு வைத்தியம் புதுயுகமொன்றின் வாயிலில் நின்ற வேளை அது. எனினும், நோயை விளைவிப்பன நுண்கிருமிகளே என்னும் உண்மை அப்பொழுது நிலைநாட்டப்பட்டிருக்கவில்லை. வாந்திபேதி கிராமந்தோறும் புகுந்து உயிர்களை வாரிக்கொண்டு போகும். அது எதனால் வருகின்றது என்பதை எந்நாட்டு வைத்தியரும் திட்டமாக அறியார்.

வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் தங்கிய கிறீன், 1848இல் மானிப்பாயைத் தமது இருப்பிடமாக்கினார். நம் நாட்டிலே அதற்குமுன் வைத்தியமே இருந்ததில்லை என்று எவரும் எண்ணிவிடலாகாது. பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் யாழ்ப்பாண அரசர் காலத்துச் செல்வங்கள். பரம்பரை வைத்தியர்கள் ஊர்தோறும் இருந்தனர். ஆயினும் அறுவைச் சிகிச்சை வேண்டிய நோய்களும், சிக்கலுற்ற பிரசவங்களும் மக்களைக் கதிகலங்கச் செய்தன. அந்த இடைவெளியிலே கிறீன் வந்து நின்றார்.

காலையில் மானிப்பாய் மருந்துச்சாலையில் நோயாளர் கூடுவர். வேதவாசிப்பும் செபமும் முதலில் நடைபெறும், அதன்பின்பே சிகிச்சை. இதனை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. நோவினால் வாடி வந்தவன், கேட்க விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பிரசங்கத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்பது இக்காலத்து நமக்கு உறுத்துகின்றது. அக்காலத்திலும் சிலருக்கு உறுத்தியது. கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டிலே நல்லூரிற் பிறந்தவர் ஆறுமுக நாவலர். கிறீன் மானிப்பாய்க்கு வந்த அதே 1848ஆம் ஆண்டிலே, மிஷன் பாடசாலைகளுக்கு மாற்றாக வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவரும் அவரே. ஒத்த வயதினர் இருவர், சில மைல் இடைவெளியில், ஒருவர் மற்றவரின் சமயத்தை ஏற்காமலே, ஒரே மொழியை வளர்த்துக்கொண்டிருந்தனர். பின்னாளிற் பஞ்சம் வந்தபோது நாவலர் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசி தீர்த்ததும் நாம் மறக்கற்பாலதன்று. துன்புற்றோர்க்கு உதவும் கடமை ஒரு சமயத்தின் தனியுடைமையன்று என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

ஆங்கிலம் கற்றவன் எங்கே போனான்?

மானிப்பாய்க்கு வந்த ஆண்டிலேயே இளைஞர் சிலரைச் சேர்த்துக் கிறீன் வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். ஒருவர் இரண்டு கைகளால் எத்தனை நோயாளரைத் தொடமுடியும் என்பது அவரது கணக்கு. பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலம் நன்கு கற்றுத் தேர்ந்த மாணவர்கள் கிடைத்தமையால் அதிற் கடினம் இருக்கவில்லை.

1850இல் யாழ்ப்பாண நகரிலே, அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் அவர்களின் முயற்சியால், ‘பிரெண்ட் இன் நீட் சொசைட்டி’ என்னும் சங்கத்தின் வைத்தியசாலை எழுந்தது. இடுக்கண் வந்துழி உதவும் நண்பர் சங்கம் என்று அதனைத் தமிழிற் கூறலாம். கிறீனின் மாணவர்கள் அங்கே பணிபுரிந்தனர். இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாக விளங்குவது அதன் வழிவந்ததே. நகரத்து ஏழைகளுக்கு அதனால் விளைந்த நன்மை சிறிதன்று.

ஆனாற் கிராமங்கள்? வைத்தியங் கற்றவன் ஆங்கிலமும் கற்றவன். ஆங்கிலம் கற்றவனுக்கு அரசாங்கச் சேவையும் நல்ல வேதனமும் காத்திருந்தன. அவன் ஏன் சங்கானையிலோ அளவெட்டியிலோ குடிசை வாசலிற் போய் நிற்கப்போகின்றான்? இவ்வினா கிறீனின் மனத்தை மாத்திரம் வருத்தியதன்று. 1855இல் அமெரிக்க மிஷன் தலைமையகத்திலிருந்து வந்த தூதுக்குழு, ஆங்கிலத்திற்காகவும் உத்தியோகத்திற்காகவுமே மாணவர் வருகின்றனர் என்று கண்டு, புகழ்பெற்ற வட்டுக்கோட்டை செமினரியையே மூடச்செய்தது. அம்முடிவு சரியோ பிழையோ என்பது பற்றி யாழ்ப்பாணத்தில் இன்றும் வாதம் உண்டு. அறிவுக் கூடமொன்றை மூடுவது எவ்வாற்றானும் இழப்பே என்பது நம் கருத்து. கிறீனோ அதே நோய்க்கு வேறு மருந்து கண்டார். மூடுவதை விடுத்து, தமிழிலே தொடங்கினார்.

1857இல் விடுமுறையில் தாயகம் சென்று, 1862இல் மணம் முடித்த மனைவியாருடன் திரும்பிய பின்னர், 1864ஆம் ஆண்டளவில் மருத்துவக் கல்வி முழுவதையும் அவர் தமிழிற் கற்பிக்கத் தலைப்பட்டார். தமிழிற் கற்றவன் தமிழூரில் நிற்பான். அவன் கற்ற நூலை அவன் வீட்டாரும் அயலாரும் வாசிப்பர். நோயாளி தன் நோயின் பெயரைத் தன் மொழியிற் கேட்பான் என்பன அவரது நோக்கத்தில் அடங்கியவை. இதைவிட வியப்பான எண்ணம் ஒன்றும் அவருக்கிருந்தது. கிறித்தவராகும் தமிழர் ஐரோப்பியராக மாறவேண்டியதில்லை. மரக்கறி உணவும் தமிழர் உடையும் தமிழர் பழக்கங்களும் அவரிடம் நிலைக்கவேண்டும் என்று அவர் எழுதினார். மிஷன் பாடசாலைகளிற் பிள்ளைகளுக்குப் பொருளுதவி செய்த அமெரிக்கரின் பெயர்களையே அப்பிள்ளைகளுக்குச் சூட்டிய காலம் அது! கிறீனுடன் மொழிபெயர்ப்பில் உழைத்த மாணவர்களையே சரித்திரம் தன்போத், சப்மன், போல் என்னும் பெயர்களால் அறிகின்றது. பிறந்தபோது அவர்கள் பெற்ற தமிழ்ப் பெயர்கள் பின்னே மறைந்தன. அவர்களது தமிழ் மாத்திரம் நின்றது.

சொல் தேடிய படலம்

தமிழிற் கற்பிக்கலாம் என்று சொல்லுதல் எளிது. புத்தகம் எங்கே? ஒரு நூலும் இல்லை. உடலின் ஒவ்வோர் எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் வேண்டும். இன்று கலைச்சொல் அகராதிகளைப் புரட்டி மொழிபெயர்க்கும் நமது மாணவர்கள், அவ்வகராதி ஒன்றும் இல்லாத மேசையைக் கற்பனை செய்து பார்ப்பார்களாக.

கிறீன் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழ் வைத்திய நூல்களிலும் வழக்கிலும் உள்ள சொல்லைத் தேடுதல். அங்கே கிடையாதாயின் வடமொழியிற் பெறுதல். அங்கும் பொருந்தாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இசையத் திருத்திக்கொள்ளுதல். அம்முறையிற் பிறந்த பெயர்கள் சில இன்று கேட்பதற்குப் புதுமையாயிருக்கும். உடற்கூற்றியல் என்று நாம் இன்று வழங்கும் கலைக்கு அவர் வைத்த பெயர் ‘அங்காதிபாதம்’. கேசாதிபாதம் பாடிய தமிழ்ப் புலவர்களின் காதுக்கு அது அந்நியமாக ஒலித்திராது. உடற்றொழிலியல் அவருக்குச் ‘சுகரணம்’. அறுவைச் சிகிச்சை ‘இரண வைத்தியம்’. இரணம் என்றாற் புண் என்று ஊரிலுள்ள பாட்டிக்கும் தெரியும். இரசாயனவியலுக்கு மாத்திரம் தமிழ், வடமொழி இரண்டையும் தாண்டிச் சென்று ‘கெமிஸ்தம்’ என்று ஆக்கிக்கொண்டார். சிரிப்பவர் சிரிக்கலாம். நமக்கோ அச்சொல்லில் ஒரு நேர்மை தோன்றுகின்றது. பிற நாட்டிலிருந்து புதிதாய் வந்த கலை, வந்த பெயரோடே வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறது.

நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கற்றர் என்பவரின் உடல்நல நூல் 1850களிலேயே தமிழாயிற்று. மோன்செலின் ‘பிரசவ வைத்தியம்’ 1857இலும், துருவிற்றின் ‘இரண வைத்தியம்’ 1867இலும் வெளிவந்தன. புண்களிற் கிருமி புகாமற் காக்கும் முறையை லிஸ்ரர் உலகுக்கு வெளியிட்டதும் அந்த 1867ஆம் ஆண்டிலேதான். 1872இல் கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரிலும், ஊப்பரின் நூல் ‘வைத்தியாகரம்’ என்னும் பெயரிலும் வெளிவந்தன. கிறேயின் நூல் இலண்டனில் முதன்முதல் அச்சேறியது 1858இல் என்பதை நோக்கும்போது, 14 ஆண்டுகளுக்குள் அது தமிழிற் கிடைத்தது எத்துணைப் பெரிய செயல்! ‘கெமிஸ்தம்’ 1875இல் வந்தது. எல்லாமாக நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. இவற்றை ஒருவர் தனித்துச் செய்துவிடவில்லை. மாணவர்கள் மொழிபெயர்ப்பர், கிறீன் அதனைச் சோதித்துத் திருத்துவார், மீண்டும் திருத்துவார். இப்பணியின் பெருமையிற் பாதி அந்த யாழ்ப்பாணத்து இளைஞர்களைச் சேரவேண்டியது. சரித்திரம் எழுதியோர் அதனைப் போதிய அளவு சேர்த்துக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

உடல்நலம் குன்றி 1873இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார். அதற்குள் அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றியிருந்தார். ஓய்வு பெற்றோர் செய்வதுபோல ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க அவருக்கு மனம் வரவில்லை. வூஸ்ரர் நகரத்து வீட்டிலிருந்தபடியே தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டில் அவர் காலமானார்.

பின்னர் நிகழ்ந்தவை

இனிச் சொல்லவேண்டியது மகிழ்ச்சிக்குரியதன்று. 1870இல் அரசாங்கம் கொழும்பிலே மருத்துவப் பாடசாலையைத் தொடங்கியது. அங்கே போதனாமொழி ஆங்கிலம். பட்டமும் பதவியும் அங்கிருந்தே கிடைக்கும் என்றான பின்பு, மானிப்பாயில் தமிழில் வைத்தியம் கற்க யார் வருவார்? கிறீன் சென்றபின் அவரது தமிழ் மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. எந்த இழுப்புக்கு எதிராக அவர் அணை கட்டினாரோ, அவ்விழுப்பே வென்றது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மருத்துவ பீடம் தோன்றியபோதும் அங்கும் ஆங்கிலமே போதனாமொழியாயிற்று.

அதனால் நம் வைத்தியர்கள் தாழ்ந்துவிடவில்லை; உலகின் எம்மூலையிலும் பேர்பெற்று விளங்குகின்றனர். ஆங்கிலம் இன்றி இன்றைய மருத்துவத்தைத் தொடர்ந்து கற்பதும் அரிது என்பதை நாம் அறிவோம். ஆனால் மருந்துச்சீட்டைக் கையிற் பிடித்துக்கொண்டு, தனக்கு வந்த நோய் யாதென்று தெரியாமலே வைத்தியசாலை வாங்கிலில் அமர்ந்திருக்கும் முதியவளை நினைத்தால், கிறீன் தீர்க்க முயன்ற துன்பங்களில் ஒன்று இன்னும் தீரவில்லை என்றே சொல்லவேண்டும். அவளுக்கு வேண்டியது மாத்திரை மாத்திரமா? அம்மாத்திரை எதற்கென்று அவள் மொழியில் இரண்டு வார்த்தை சொல்லுதலும் அவளுக்கு வேண்டும்.

அவர் விட்டுச்சென்ற வேலையிற் சில பகுதிகளைப் பிறர் எடுத்துச் செய்தனர். ஆண் வைத்தியரைப் பெண்கள் பிரசவ அறைக்குள் அனுமதியாத சமூகத்திலே, ‘பிரசவ வைத்தியம்’ நூலாக மாத்திரம் இருந்து பயனில்லை. மேரி லீச், மார்கிறற் லீச் என்னும் சகோதரிகள் இருவர் கடல் கடந்த நாடுகளிற் சென்று பொருள் திரட்ட, 1898இல் இணுவிலில் மக்ளியொட் வைத்தியசாலை பெண்களுக்காகத் திறக்கப்பட்டது. வைத்தியர் இசபெல்லா கேர் அம்மையார் அங்கே நெடுங்காலம் பணிபுரிந்தார். மானிப்பாய் வைத்தியசாலை கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்னும் பெயரைப் பெற்றது. போர்க்காலத்தில் நலிவுற்றுப் பின் புலம்பெயர்ந்த அன்பர்களின் உதவியோடும் மீண்டும் தலைநிமிர முயன்றது. கவிஞர் அம்பி 1967இல் ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூலை எழுதி, மறந்திருந்த தமிழருக்கு இவ்வைத்தியரை மீண்டும் அறிமுகஞ் செய்துவைத்தார்.

கிறீன் பதிப்பித்த நூல்களின் பிரதிகள் இன்று அரியன. மானிப்பாய், வட்டுக்கோட்டை, சுன்னாகம் முதலிய ஊர்களிற் பழைய வீடுகளின் பெட்டகங்களிலும் பரண்களிலும், வைத்தியரான பூட்டனார் ஒருவரின் உடைமையாக, கறையான் தொடாத பிரதி ஒன்று கிடத்தல் கூடும். முன்னட்டை கிழிந்திருந்தாலும், உள்ளே எலும்பு, நரம்பு முதலியவற்றின் படங்களைக் கண்டு அடையாளம் அறியலாம். வாசகர்கள் வீட்டைத் துப்புரவு செய்யும்போது அவ்வாறான நூலொன்றைக் காண்பாராயின், பழைய கடதாசிக்காரனிடம் நிறுத்துக் கொடுத்துவிடாமல், யாழ்ப்பாணப் பொது நூலகத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ ஒப்படைக்குமாறு வேண்டுகின்றோம்.